யானை முட்டினாலும் உடையாதாம்!

இந்தத் தை மாதத்தில் மட்டும் மூன்று கிரகப்பிரவேசம். மூன்று வீட்டிலும் முதல் மாடியில் தரையிலிருந்து லின்டல் வரை கண்ணாடி ஜன்னல். மூன்று வீட்டிலும் நான் கேட்டது ஒன்றுதான்: "தடுப்பு எங்கே?" வந்த பதிலும் ஒன்றுதான்: "டஃபன்ட் கிளாஸ் சார். யானை முட்டினாலும் உடையாது."

இந்த யானையை முதலில் அவிழ்த்துவிட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் சொல்கிறார், ஜன்னல் மாட்ட வரும் பையன் சொல்கிறான், பொறியியல் படித்த வீட்டுக்காரரும் அதையே திருப்பிச் சொல்கிறார். நான் இருபத்து நாலு வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். எந்த யானையும் மாடிப்படி ஏறி வந்து ஜன்னலை முட்டி நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நான் பார்த்ததெல்லாம் இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகளைத்தான்.

மூன்றாவது வீடு மேடவாக்கம் பக்கம். வெயில் உள்ளே வரக்கூடாது என்று செலவு பார்க்காமல் கட்டியிருந்தார்கள். சுவர் முழுக்க ஏ.ஏ.சி. என்கிற லேசான கான்கிரீட் பிளாக், மொட்டைமாடியில் வெள்ளை ஓடு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. படுக்கையறை ஜன்னல் ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டு ஸ்லைடிங் கதவுகள். அதற்கு நேர் கீழே, பன்னிரண்டு அடி ஆழத்தில், கார் நிறுத்தும் சிமென்ட் தரை. பந்தியிலிருந்து எழுந்து வந்த ஒரு குழந்தை கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கேசரி நெய் அப்படியே கண்ணாடியில் பதிந்திருந்தது. பக்கத்துக் கதவு, காற்றுக்காக ஒன்றரை அடி திறந்து கிடந்தது. "தம்பி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்க, புள்ளை நிக்குது" என்றார் வீட்டுக்காரரின் அம்மா. அந்த வீட்டில் யானைக் கதையை நம்பாத ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பாட்டி சொன்னதிலேயே பாதி விவகாரம் முடிந்துவிடுகிறது. திறந்திருக்கும் ஜன்னலில் கண்ணாடி எத்தனை வலுவாக இருந்தால் என்ன? அது பக்கத்துக் கதவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. முழுசாகத் திறந்தால் இருப்பது மூன்றடி அகல ஓட்டை. காற்று வேண்டும் என்றுதானே திறக்கிற ஜன்னலாகப் போட்டீர்கள்? திறக்கப் போகிற ஒன்றைக் காட்டி "இதுதான் தடுப்பு" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சரி, எப்போதும் மூடியே வைத்திருக்கிறோம் என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். 1993-ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு வழக்கறிஞர், உயர்ந்த கட்டடமொன்றின் 24-ஆவது மாடியில், ஜன்னல் கண்ணாடி உடையாது என்று பார்வையாளர்களுக்குக் காட்ட அதன்மீது ஓடிப்போய் மோதினார். அதற்கு முன்பும் பலமுறை அப்படி மோதிக் காட்டியவர்தான். அன்றைக்கும் அவர் சொன்னது பொய்யாகவில்லை, கண்ணாடி உடையவில்லை. முழுசாகச் சட்டத்திலிருந்து கழன்று, அவரோடு சேர்ந்து கீழே போனது. யானைக் கதை சொல்கிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்கிறேன். "அது அந்தக் காலத்து ஜன்னல் சார்" என்கிறார்கள். உங்கள் ஜன்னலில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது விரல் அகல பிளாஸ்டிக் பீடிங்கும் ரப்பரும்தான். ஸ்லைடிங் கதவு என்றால் அதுவும் ஒரு தண்டவாளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மேலே தூக்கினால் கழலாமல் இருக்க ஒரு சின்னக் கட்டை வைக்க வேண்டும். வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கதவைத் தூக்கிப் பாருங்கள். அறையின் உள்பக்கமாக நின்று, இரண்டு பேராக, ஜாக்கிரதையாக.

இனி அந்த டஃபன்ட் கிளாஸ். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு முகத்திலும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளிருக்கும் பகுதி பிறகு சுருங்கப் பார்த்து இழுபட்டே நிற்கும். அந்த இழுபறிதான் அதன் வலு. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு அடி தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அடி விழும் இடம் முக்கியம். நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தால் சிரிக்கும். ஓரத்தில், முனையில், ஒரு சின்ன இரும்புத் துண்டு பட்டால் மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டு போலப் பொலபொலவென்று கொட்டிவிடும். நிக்கல் சல்ஃபைடு என்ற கண்ணுக்குத் தெரியாத துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால், யாருமே தொடாமல் ஒரு மத்தியான வெயிலில் தானாகவே வெடிக்கும். கையை அறுக்காமல் கொட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த கண்ணாடி அது. அதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள். அறுபடாமல் பாதுகாக்கும், விழாமல் பாதுகாக்காது. கொட்டிய பிறகு அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

வித்தியாசம் புரியவில்லை என்றால் உங்கள் காரைப் பாருங்கள். கல் பட்டால் பக்கக் கண்ணாடி கற்கண்டாகும், அது டஃபன்ட். முன்கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டு அங்கேயே நிற்கும். அது லேமினேட்டட், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பி.வி.பி. என்ற பசைத்தாள். உடைந்தாலும் ஆளைத் தாங்க வேண்டும் என்றால் இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். கடையில் கேட்டால் "அது காஸ்ட்லி சார், தேவையில்லை" என்பார்கள். காருக்குத் தேவைப்படுகிறது, மாடி ஜன்னலுக்குத் தேவையில்லையாம்.

"எங்கள் வீட்டில் இரட்டைக் கண்ணாடியாயிற்றே?" அதை வெப்பத்துக்காகப் போட்டீர்கள். இரண்டும் டஃபன்ட் என்றால் இரண்டும் கொட்டும், அவ்வளவுதான். "மேலே ஃபிலிம் ஒட்டிவிட்டோம்." ஃபிலிமின் ஓரத்தைச் சட்டத்தோடு பிணைக்காவிட்டால், கண்ணாடி துண்டு துண்டாக விழுவதற்குப் பதில் போர்வையாக விழும். அடுத்த கதைக்குப் போவோம்.

யானைக் கதையை நம்பாமல் தடுப்பு போட முன்வருகிறவர்களையும் நான் விடுவதாக இல்லை. அவர்கள் விழுகிற குழி வேறு. இன்விசிபிள் கிரில் என்று ஒன்று சென்னை முழுக்கப் பரவியிருக்கிறது. மெல்லிய எஃகுக் கம்பிகளை இரண்டு அங்குல இடைவெளியில் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டுவார்கள். நல்ல யோசனைதான், நானே சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் விற்பவர் சொல்வதென்ன? ஒரு கம்பி இத்தனை நூறு கிலோ தாங்கும். தாங்கட்டும். அந்தக் கம்பியைப் பிடித்திருப்பது ஒரு அலுமினியப் பட்டை, பட்டையைப் பிடித்திருப்பது ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது சுவர். அந்தச் சுவர் என்ன சுவர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஏ.ஏ.சி. பிளாக் ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ, இந்த பிளாக் 550 முதல் 650 கிலோ. உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. அதனால்தான் வீடு குளுமையாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் ஆணி நிற்பதில்லை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2185 மூன்றாம் பாகத்தின்படி இந்த எடையுள்ள பிளாக்கிடம் எதிர்பார்க்கும் அமுக்குவலு சதுர மில்லிமீட்டருக்கு 3 அல்லது 4 நியூட்டன். உங்கள் தூணில் இருக்கும் எம்.20 கான்கிரீட்டுக்கு அது 20. இரண்டிலும் ஒரே ஆங்கர் ஃபாஸ்டனரை அடிக்கிறார்கள்.

அந்த ஃபாஸ்டனர் எப்படி வேலை செய்கிறது? நட்டை முடுக்க முடுக்க உள்ளே ஸ்லீவ் விரியும். கான்கிரீட் எதிர்த்து அமுக்கும், பிடிப்பு வரும். ஏ.ஏ.சி. எதிர்க்காது, நொறுங்கும். பெருங்குடியில் ஒரு வீட்டில் புது ரெயிலிங்கைச் சோதிக்க இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். ஒரு கால் அப்படியே வந்துவிட்டது, போல்ட்டோடு. துளையிலிருந்து மைதா மாதிரி வெள்ளைத்தூள் என் செருப்பில் கொட்டியது. ஃபேப்ரிகேட்டர் முகம் சுண்டிப்போய், "அண்ணே, பத்து எம்.எம். போல்ட் போட்டிருக்கேன்ணே" என்றார். போல்ட் பத்து எம்.எம்.தான் தம்பி, யார் இல்லையென்றது? முடுக்கும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்ததா இல்லையா? அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றியிருக்கிறது. மேலே கொஞ்சம் ஒயிட் சிமென்ட் அப்பி மூடியிருக்கிறார்.

ஜன்னல் சட்டத்திலேயே ஸ்க்ரூ அடிப்பவர்களும் உண்டு. யு.பி.வி.சி. சட்டத்தின் சுவர் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக். ஆளைத் தாங்குவது இருக்கட்டும், சட்டத்துக்குள்ளே மழைத்தண்ணீர் வடிந்து வெளியேறுகிற வழியில் ஓட்டை போட்டுவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் கட்டில் நனைந்த பிறகு ஜன்னல் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்குதான். ஒரு ஆள் சாய்ந்தால் தடுப்பின் மேல்விளிம்பில் மீட்டருக்கு 35 கிலோ தள்ளுவிசை என்று வையுங்கள். வீட்டுத் தடுப்புக்கு ஐ.எஸ். 875 எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மீட்டருக்கு ஒரு கால், ஒரு மீட்டர் உயரம், அடியில் இரண்டு போல்ட், இரண்டுக்கும் நடுவே 7 சென்டிமீட்டர். மேலே தள்ளுகிற 35 கிலோ, கீழே போல்ட்டை 500 கிலோவாக இழுக்கும். இப்போது அந்த வெள்ளைத்தூளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே தடுப்பை வேறு மாதிரி மாட்டலாம். நான் பதினைந்து வருடமாகத் தொண்டை கிழியச் சொல்லிவரும் முறை இது: ஜன்னல் ஸ்லைடிங் என்றால் தடுப்பை அறையின் உள்பக்கம் போடுங்கள். ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி அகலமாகச் செய்து, உட்சுவரின் முகத்தில் பொருத்துங்கள். யாராவது வெளிப்பக்கமாகத் தள்ளினால் தடுப்பின் இரண்டு முனையும் சுவரில் போய் அமுங்கும். போல்ட்டை இழுக்க விசையே இல்லை. ஆறடி ஜன்னலுக்கு மொத்தம் 64 கிலோ, ஒரு முனைக்கு 32. உள்ளங்கை அளவு தகடு வைத்தால் அது பிளாக்கின் வலுவில் நூற்றில் ஒரு பங்குதான். போல்ட்டின் வேலை தடுப்பைக் கீழே விழாமல் தொங்கவிடுவது மட்டும். அதற்கும் சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்தால் போதும். துளை வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்கட்டும், தண்ணீர் உள்ளே வராது. கம்பி மழையில் நனையாது, துருவும் சீக்கிரம் ஏறாது. இவ்வளவும் சொன்னால் வீட்டுக்காரர் கேட்பது: "உள்ளே வச்சா கர்ட்டனுக்கு இடிக்குமே சார்?" இடிக்கட்டும். கர்ட்டனை அரையடி முன்னால் தள்ளுங்கள்.

வீடு இன்னும் எழும்பவில்லை என்றால் வேலை இன்னும் சுலபம். ஜன்னலின் இரண்டு பக்கமும் நாலங்குல கான்கிரீட் பட்டை, அடியில் ஒரு சில் பீம், மேலே இருக்கவே இருக்கிறது லின்டல். நாலு பக்கமும் ஒன்றாகக் கட்டிய கான்கிரீட் சட்டம். பிறகு ஃபாஸ்டனருக்கு உறுதியான பிடி கிடைக்கும். சென்ட்ரிங் ஆள் முணுமுணுப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

இந்த ஜன்னல் மோகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எல்லாம் செல்போனில் பார்த்த படங்கள். "ஃபாரின்ல இப்படித்தான் சார் வைக்கிறாங்க." ஃபாரினில் எப்படி வைக்கிறார்கள் தெரியுமா? ஜெர்மனியின் மாதிரிக் கட்டடச் சட்டப்படி ஜன்னலுக்கு அடியில் குறைந்தது 80 சென்டிமீட்டர் தடுப்பு வேண்டும், விழும் ஆழம் 12 மீட்டரைத் தாண்டினால் 90. தரை வரை ஜன்னல் வைத்தால் தனியாகத் தடுப்பு கட்ட வேண்டும். பிரெஞ்சு பால்கனி என்று பெயர் வாங்கியதே அந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் கம்பித் தடுப்பால்தான். அங்கே ஜன்னல் உள்பக்கம் திறக்கும், அதனால் தடுப்பு வெளியே போயாக வேண்டும். சுவருக்கு வெளியே ஒட்டியிருக்கும் அரையடி வெப்பத்தடுப்புப் பஞ்சைத் தாண்டி உள்ளே உறுதியான சுவரைப் பிடிக்க, நீளமான தனி ஆங்கர் போடுகிறார்கள். பஞ்சில் ஸ்க்ரூ அடித்துவிட்டுப் போவதில்லை. கண்ணாடியையே தடுப்பாக வைப்பதென்றால் 50 கிலோ எடையுள்ள இரட்டை டயரை ஊசல் போல ஆட்டி மோதவிட்டுச் சோதிக்கிறார்கள், கண்ணாடியை மட்டுமல்ல, சட்டத்தோடும் பிடிமானத்தோடும் சேர்த்து. நீங்கள் பார்த்த படத்தில் தடுப்பே இல்லை என்கிறீர்களா? பெரிதாக்கிப் பாருங்கள். முட்டிக்கு மேல் ஒரு மெல்லிய கோடு தெரியும். அது லேமினேட்டட் கண்ணாடித் தடுப்பின் விளிம்பு. ஜன்னலைக் காப்பியடித்தவர்கள் கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிட்டார்கள்.

காப்பியடித்தது என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்க நேரமிருந்தால். குளிர்நாட்டுக்காரன் தரை வரை கண்ணாடி வைப்பது கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் உள்ளே இழுக்க. நமக்கு எதற்கு? ஏ.ஏ.சி. சுவரில் மிச்சம் பிடித்த குளுமையை மேற்குப் பார்த்த நாற்பத்திரண்டு சதுர அடிக் கண்ணாடியில் தொலைக்கிறோம். இரட்டைக் கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டைத் தடுக்கும். நேராக அடிக்கும் வெயிலைப் பெரிதாகத் தடுக்காது. அதைக் கண்ணாடியில் படுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். அந்த வேலையைத்தான் சன்ஷேடு செய்தது. எலிவேஷன் கெடுகிறது என்று சன்ஷேடை எடுத்தார்கள், பிறகு ஜன்னலுக்கு அடியிலிருந்த இரண்டரை அடிச் சுவரையும் எடுத்தார்கள். அந்தச் சுவர் வெயிலையும் தடுத்தது, பிள்ளையையும் தடுத்தது. கட்டில் போட, மேசை போட, தலையணை சாய்க்க உதவியது. கீழ் இரண்டரை அடிக் கண்ணாடி வழியாக உங்களுக்குத் தெரிவது பக்கத்து வீட்டு ஏ.சி. பெட்டி. அந்தச் சுவரைத் திரும்பக் கட்டுங்கள் என்று எந்தப் பிளான் வந்தாலும் எழுதி அனுப்புகிறேன். பத்தில் ஒருவர் கேட்கிறார்.

மற்றவை சில்லறைக் கதைகள். "கொசுவலை இருக்கிறதே": கொசுவலை கொசுவைத் தடுக்க. சாய்ந்தால் வலையோடு போக வேண்டியதுதான். "முதல் மாடிதானே": பன்னிரண்டு அடியிலிருந்து சிமென்ட் தரையில் ஒரு தேங்காயைப் போட்டுப் பாருங்கள். "வீட்டில் குழந்தை இல்லை": பேரன் பேத்தி விடுமுறைக்கு வருவார்கள், இருட்டில் தண்ணீர் குடிக்க எழும் மாமாவுக்குத் தலை சுற்றும். "குறுக்குக் கம்பி நாலு போட்டால் அழகு": ஏணி செய்து கொடுக்கிறீர்கள். கம்பி செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும், இடைவெளி நாலங்குலத்துக்கு மேல் கூடாது, அடியிலும் அவ்வளவே. பால்கனிக்கும் மாடி விளிம்புக்கும் தேசியக் கட்டட விதிமுறை ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் கேட்கிறது. நான் மூன்றரை அடி போடச் சொல்வேன். அதையும் தரையிலிருந்து அளக்காதீர்கள். ஜன்னலோரம் ஒரு அடித் திண்டு கட்டியிருந்தால் திண்டின் மேலிருந்து அளக்க வேண்டும். குழந்தை நிற்கப் போவது அங்கேதான்.

"தடுப்பு போட்டால் தீப்பிடிக்கும்போது வெளியே போக முடியாது" என்பதில் மட்டும் பாதி நியாயம் உண்டு. மேலிருந்து கீழ்வரை கூண்டாக அடைத்தால் அது ஆபத்துதான். அறைக்கு ஒன்று திறக்கிற மாதிரி வையுங்கள். சாவி பெரியவர்களுக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும், பீரோவுக்குள் வேண்டாம். மூன்றரை அடித் தடுப்பாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, பெரியவர்கள் தாண்டிவிடலாம்.

நியூயார்க் நகரம் 1976-லேயே சின்னக் குழந்தைகள் இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் தடுப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே ஒரு தடுப்பு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ தாங்க வேண்டும். கண்ணாடியின் வலுவைப் பற்றி அந்த விதியில் கேள்வியே இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாரம் நிற்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வெளித் தகடு வைக்கவும் துளையை அடைக்கவும் அப்போது பெயின்டரே போதும். சாரத்தைப் பிரித்த பிறகு கூப்பிட்டால் அதே எட்டு போல்ட்டுக்குக் கயிற்றில் தொங்க ஆள் தேட வேண்டும். ஃபேப்ரிகேட்டர் வேலை முடிந்தது என்றதும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அறைக்குள் நின்று, தடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். தூள் கொட்டினால் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

மேடவாக்கம் வீட்டில் இன்னும் தடுப்பு வரவில்லை. கர்ட்டன் விவகாரம் ஓடிக்கொண்டிருக்கிறதாம். அதுவரை அந்த ஜன்னலுக்கு ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி பாட்டியின் முந்தானையில்.